அரண்மனைச் சதிகள் – 7: நில்லம்பையில் ஒரு மார்கழி இரவு

சென்ற வாரம் சங்கிலி குமாரனைப் போர்த்துக்கேயர் கப்பலேற்றிய இடத்தில் நிறுத்தினேன். முதலில் கொழும்பு, பிறகு கோவா. அங்கே விசாரணை, மரண தண்டனை. 1617இல் எதிர்மன்னசிங்கன் கண்மூடியதும், பாலகனான இளவரசனுக்காக ஆட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த அரசகேசரியைக் கொன்று நல்லூரைப் பிடித்தவன் சங்கிலி. இரண்டே ஆண்டில் பிலிப் தெ ஒலிவேறாவின் படை அவனையும் இராச்சியத்தையும் சேர்த்து முடித்தது.

அந்தக் கதைக்கு நம்மிடம் இருக்கும் பெரிய சாட்சிகள் இரண்டு. ஒருவர் யேசுசபைத் துறவி பெர்னாவோ தெ குவேறோஸ். அவர் கோவாவில் இருந்துகொண்டு 1680களில் எழுதினார். சங்கிலி இறந்து அப்போதே அறுபது ஆண்டுகளாகிவிட்டன. மற்றவர் மயில்வாகனப் புலவர். 1736இல் ஒல்லாந்த அதிகாரி மேக்கறூன் கேட்டுக்கொண்டதற்காக யாழ்ப்பாண வைபவமாலையை எழுதியவர். வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகத்தில் உட்கார்ந்து வைபவமாலையைப் படிப்பவருக்கு ஒன்று சட்டென்று இடறும். 1544இல் மன்னாரில் கிறிஸ்தவர்களைக் கொல்வித்த முதலாம் சங்கிலியும் 1619இல் தோற்ற இரண்டாம் சங்கிலியும் அந்த நூலில் ஒரே ஆள்! இருவருக்கும் இடையே முக்கால் நூற்றாண்டு இருக்கிறது. நஞ்சு வைத்த கதை, கத்தியால் குத்திய கதை, காக்கைவன்னியன் காட்டிக்கொடுத்த கதை எல்லாம் அந்த ஒருவன் தலையிலேயே விழுகின்றன. புலவர் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. ஏடும் வாய்மொழியும் அவருக்கு அப்படித்தான் கிடைத்திருக்க வேண்டும். சதியில் பங்குகொண்டவன் ஒருவன் கூட ஒரு வரி எழுதி வைக்கவில்லை என்பதுதான் இதில் அடிப்படைச் சிக்கல். எழுதியவர்கள் எல்லோரும் பின்னால் வந்தவர்கள், அல்லது வென்றவர்கள், அல்லது வென்றவர்களுக்கு எழுதிக்கொடுத்தவர்கள்.

இந்த வாரம் எடுத்துக்கொள்ளும் சதியில் நிலைமை கொஞ்சம் மேல். சம்பவம் நடந்தபோது அங்கேயே இருந்த ஒருவன் எழுதியிருக்கிறான். அதோடு, சதியால் இலாபமடைந்த தரப்பின் கணக்குப் புத்தகங்களும் கடிதக் கட்டுகளும் இன்றும் கொழும்பில் இருக்கின்றன.

இடம் கண்டிக்குத் தெற்கே, இன்றைய கலஹா வீதியில் உள்ள நில்லம்பை. இப்போது தியான நிலையத்துக்காக அறியப்பட்ட ஊர், சுற்றிலும் தேயிலை. 1660களில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் அரண்மனை அமைத்து வாழ்ந்த இடம் இதுதான். தலைநகரமான செங்கடகலையை விட்டு மலைக்குள் வந்துவிட்டவன் அவன். 1638இல் போர்த்துக்கேயரைக் கண்ணொறுவையில் அடியோடு நொறுக்கிய வீரன்; 1664இல் அவனுக்கு ஐம்பத்தாறு வயது. ஒல்லாந்தரைத் துணைக்கு அழைத்துக் கடற்கரையைப் போர்த்துக்கேயரிடமிருந்து மீட்டவன். மீட்டது தனக்கு என்று அவன் நினைத்தான். ஒல்லாந்தர் அப்படி நினைக்கவில்லை.

அந்தப் பிணக்கின் தொடக்கத்தைப் பார்க்கக் கொழும்பில் வெகுதூரம் போக வேண்டாம். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஜிந்துப்பிட்டி மேட்டில் புனித தோமையார் ஆலயத்தடியில் நின்றால் போதும். 1655 இறுதியில் தொடங்கிய கொழும்பு முற்றுகையில் ஒல்லாந்தப் படை கோட்டை நகரைச் சூழ்ந்து கிடந்தது இந்த மேடுகளில்தான். படைத் தலைவன் கெரார்த் ஹுல்ப்ட் 1656 ஏப்பிரல் 10ஆம் தேதி சூடுபட்டு இறந்தான். நம்மவர் புதுக்கடை என்று சொல்லும் நீதிமன்ற வட்டாரத்துக்கு ஆங்கிலத்தில் இன்றும் அவன் பெயர்தான். மே 12இல் நகரம் விழுந்தது. ஒல்லாந்தர் உள்ளே போனார்கள். இராஜசிங்கனின் ஆட்களை உள்ளே விடாமல் வாசற்கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள். அன்று முதல் அரசன் கொழும்பை விட்டுக்கொடுக்கவும் இல்லை, பெற்றுக்கொள்ளவும் இல்லை. கடிதங்களில் கொழும்பைத் தன் கோட்டை என்றே எழுதினான். ஒல்லாந்தரும் அவனைச் சக்கரவர்த்தி என்றும் தங்களை அவனுடைய பணிவுள்ள ஊழியர் என்றும் எழுதினார்கள். இந்தக் கடிதப் போக்குவரத்தின் மொழி போர்த்துக்கீசம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். துரத்தியடிக்கப்பட்டவர்களின் மொழியில்தான் இரு தரப்பும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டன.

இனி அந்த இரவு.

சொல்பவன் றொபேட் நொக்ஸ். 1660இல் மூதூர்ப் பக்கம் கொட்டியாரத்தில் கப்பலோடு வந்து சிக்கிய ஆங்கில மாலுமி. கப்பல் தலைவனான அவன் தகப்பனும் கூடவே பிடிபட்டு, அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்துபோனான். இளைஞன் நொக்ஸ் கண்டி நாட்டு ஊர்களில் தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் காலம் தள்ளினான். சிறையில் அடைத்த கைதி அல்லன் அவன். எல்லையைத் தாண்ட முடியாதவன், அவ்வளவுதான். 1664 டிசம்பரில் அவனுக்கும் மற்ற ஆங்கிலேயர்களுக்கும் ஒரு நல்ல செய்தி காத்திருந்தது. சென்னை ஜோர்ஜ் கோட்டையின் ஆங்கில ஆளுநர் எட்வர்ட் விண்டர் அவர்களுக்காகத் தூது அனுப்பியிருந்தார். ஒல்லாந்தத் தூதன் ஹென்றிக் டிராக் என்பவனும் அரண்மனைக்கு வந்து அவர்களுக்காகப் பேசினான். ஆங்கிலேயர் அனைவரையும் நில்லம்பைக்கு வரவழைத்தார்கள். போக விரும்புபவர் போகலாம், தங்கிப் பணி செய்பவருக்குச் சம்பளமும் மரியாதையும் உண்டு என்று அரச அதிகாரிகள் அறிவித்தார்கள். எல்லோரும் போகவே விரும்பினார்கள். மறுநாள் நள்ளிரவில் கலகம் வெடித்தது.

நொக்ஸின் கணக்கில் அது டிசம்பர் 21. இந்தத் தேதியை ஒல்லாந்தர் ஏடுகளோடு ஒப்பிடுபவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இங்கிலாந்து அப்போது பழைய நாட்காட்டியில் இருந்தது. ஒல்லாந்தக் கம்பனி புதியதில். இடைவெளி பத்து நாள். நொக்ஸ் சொல்லும் டிசம்பர் 21, கொழும்புக் கோட்டையில் டிசம்பர் 31.

மூன்று பிரதானிகள் தலைமை தாங்கினார்கள். அவர்களில் பெயர் நிலைத்தவன் அம்பன்வெல ராள. ஆட்களைத் தெரிந்தெடுத்துக்கொண்டு நள்ளிரவில் நகருக்குள் நுழைந்தார்கள். எதிர்த்த காவலரை வெட்டிப்போட்டு அரண்மனை வாசல் வரை வந்தார்கள். அங்கே நின்றுவிட்டார்கள். உள்ளே போகத் துணியவில்லை. அரசனின் கண் படும் இடத்தில் தலைநிமிர்ந்து நிற்கவும் பழகாத பிரபுக்கள், கையில் வாளோடு அதே வாசலில் விடியும்வரை காத்திருந்தார்கள். இந்தச் சதியின் தோல்வி அந்தச் சில மணித்தியாலங்களிலேயே எழுதப்பட்டுவிட்டது என்பது என் கணிப்பு. விடியும்போது இராஜசிங்கன், தன்னோடு நின்ற சிறு கூட்டத்தையும் குதிரை யானைகளையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிட்டான். வழி இல்லாத காடு. யானைகளை முன்னால் விட்டு மரஞ்செடிகளை மிதிக்கச் செய்து, அந்தத் தடத்திலேயே போய்க் கலவுட என்ற ஏற முடியாத மலையை அடைந்தான். துரத்தியவர்கள் தூரத்தில் நின்று சத்தமிட்டதோடு சரி.

ஏன் இந்தக் கலகம்? நொக்ஸ் சொல்லும் காரணம் ஊழியம். மலையைக் குடைவது, மேட்டைச் சமன்படுத்துவது, எட்டாத இடத்திலிருந்து அரண்மனைக்கு நீர் கொண்டுவருவது என்று ஆண்டுக்கணக்கில் குடிகளை வேலை வாங்கினான் அரசன். வயல் கிடக்க வாய்க்கால் வெட்டினார்கள் ஊரார். அதோடு பிரபுக்களின் பயம். இராஜசிங்கன் தன்னைச் சுற்றி இருந்தவர்களை அவ்வப்போது களையெடுத்து வந்தான். குடும்பத்தோடு தொலைந்துபோன பிரதானிகள் பலர். தலை தப்ப வேண்டுமானால் முந்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அரண்மனையில் பரவியது வியப்பில்லை.

கலகக்காரர் கையில் ஒரே ஒரு துருப்புச் சீட்டு இருந்தது: இளவரசன். அரசனின் ஒரே மகன், பதினைந்து வயதளவில் இருந்தவன், கண்டி நகரில் வளர்ந்துகொண்டிருந்தான். அவனைப் போய் அரசனாக்கினார்கள். அதற்கு முன் அந்தப் பையன் வெளியுலகத்தைப் பார்த்ததே கிடையாது. பெரிய மனிதர்கள் வரிசையாக வந்து அவன் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தபோது என்ன நடக்கிறதென்று புரியாமல் மிரண்டுபோய் நின்றான் என்று நொக்ஸ் எழுதுகிறான். அரசியல் காரணங்களைப் பற்றி நொக்ஸ் சொல்வதை எல்லாம் விட இந்த ஒரு காட்சியை நான் கூடுதலாக நம்புகிறேன். ஏனெனில் இதைப் புனைந்து அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆங்கிலேயரையும் கலகக்காரர் விடவில்லை. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த வெள்ளைக்காரர்கள் தம் பக்கம் நிற்பது நல்லது என்று பட்டது. ஒல்லாந்தத் தூதனையும் சேர்த்துக் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். உடையும் பணமும் கொடுத்து, அரசன் இருக்கும் மலைக்குப் போய்ச் சண்டையிடச் சொன்னார்கள். நொக்ஸும் கூட்டாளிகளும் சம்மதிப்பதுபோல் பாசாங்கு செய்தார்கள். அரசன் வென்றால் தலை போகும், கலகக்காரர் வென்றால் மறுத்ததற்காகத் தலை போகும். வெளியே ஒரு வயலில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாய்த்தவள் ஒரு பெண். நத்தார் நாளன்று அரசனின் சகோதரி அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு அரசனிடமே ஓடிப்போனாள். அவள் பெயரைக் கூட நொக்ஸ் தரவில்லை. கண்டி அரசியலின் போக்கையே திருப்பியவள் அவள்! இளவரசன் போய்விட்டான் என்றதும் கலகக்காரரின் கூட்டம் கலைந்தது. அவர்களில் ஒரு பெரியவன் சட்டென்று அரசனின் பெயரைச் சொல்லிக் கோஷமிட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நேற்று வரை ஒன்றாக நின்றவர்கள் இன்று ஒருவரையொருவர் வெட்டினார்கள். தான் அரச விசுவாசி என்று நிரூபிக்க அடுத்தவனைத் துரோகி என்று வெட்டுவதே எளிய வழியாக இருந்தது. ஒரு வாரத்துக்கும் மேல் வெட்டுக் குத்துத்தான்.

அந்த இரவின் இன்னொரு விவரம். கலகம் நடந்த நேரத்தில் தங்கள் தலைக்கு நேர் மேலே பயங்கரமான வால்வெள்ளி ஒன்று நின்றதாக நொக்ஸ் எழுதுகிறான். அரசன் வீழப்போகும்போது வானத்தில் குறி தெரிவது நம் கதைகளில் வழக்கம். எனவே இதையும் அலங்காரம் என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் 1664ஆம் ஆண்டின் வால்வெள்ளி ஐரோப்பா முழுவதும் பார்க்கப்பட்டது, அளக்கப்பட்டது. கேம்பிரிட்ஜில் மாணவனாக இருந்த ஐசாக் நியூட்டன் அதைப் பார்த்துக் குறித்திருக்கிறான். அது பூமிக்கு மிக அருகே வந்தது புதிய நாட்காட்டியின்படி டிசம்பர் மாதத்தின் கடைசி நாட்களில். மேலே சொன்ன பத்து நாள் வித்தியாசத்தைக் கூட்டிப் பாருங்கள்: நொக்ஸின் 21 அங்கேதான் வந்து நிற்கிறது. இந்தச் சதியைப் பற்றிய பதிவுகளில் யாருடைய தயவும் இல்லாமல் சரிபார்க்கக் கூடிய செய்தி இந்த ஒன்றுதான். நொக்ஸ் அதில் தேறிவிடுகிறான். நொக்ஸின் நூல் 1681இல் இலண்டனில் அச்சானபோது அதற்கு முன்னுரை எழுதிய விஞ்ஞானி றொபேட் ஹுக்கும் அதே வால்வெள்ளியை இலண்டனிலிருந்து கண்டு ஆராய்ந்தவர்.

இனிக் கொழும்புப் பக்கம் வருவோம்.

சுதந்திர சதுக்கத்துக்கு அருகே தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் காலப் பதிவுகள் ஏறத்தாழ 7000 தொகுதிகள் இருக்கின்றன. 1640இல் காலியில் தொடங்கி 1796 பெப்ரவரியில் கொழும்பை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும் வரை கம்பனி எழுதிக் குவித்தவை. ஆளுநர் சபைத் தீர்மானங்கள், வரவு செலவுகள், தோம்புகள், தூதுக்குழு அறிக்கைகள், கண்டியோடு நடத்திய கடிதங்கள். ஆங்கிலேயர் வசம் வந்த பிறகு நெடுங்காலம் இவற்றைக் கவனிக்க ஆளில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஆர். ஜீ. அன்தனிஸ் சுவடிக் காப்பாளராக அமர்ந்து ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். 1943இல் யூரியான்ஸ அம்மையார் தயாரித்த விபரப்பட்டியல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டுக்குப் பயந்து எல்லாவற்றையும் நுவரெலியாவுக்கு ஏற்றினார்கள். 2003இல் யுனெஸ்கோ கம்பனியின் உலகளாவிய ஆவணங்களை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தபோது கொழும்புத் தொகுதியும் அதில் இடம்பெற்றது.

அந்தக் காலத்து இறகுப் பேனா மையில் இரும்பு உண்டு. நம் ஊர் ஈரத்தில் அது மெல்ல மெல்லத் தாளைத் தின்னும். அழுத்தி எழுதிய எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவத்திலேயே துவாரம் விழுந்திருக்கும்; பின்பக்க வரி அதன் வழியே தெரியும். நல்லவேளையாகக் கம்பனிக்காரர் எதையும் ஒரு பிரதியோடு விடுவதில்லை. கொழும்பில் பொடிந்துபோன கடிதத்தின் நகல் ஹேக் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கக்கூடும், ஏனெனில் முக்கியமானவை பத்தாவியாவுக்கும் அங்கிருந்து ஒல்லாந்துக்கும் போயின. அப்படி மேலே அனுப்பப்பட்டவை என்பதே இவற்றைப் படிக்கும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய முதல் செய்தி. கொழும்பிலிருந்து எழுதியவன் வரலாற்றுக்காக எழுதவில்லை. பத்தாவியாவில் இருக்கும் மேலதிகாரியைத் தன் வழிக்குக் கொண்டுவர எழுதினான்.

அப்போது கொழும்பில் ஆளுநர் றைக்லொப் வான் கூன்ஸ். யாழ்ப்பாணத்தை 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த அதே ஆள். இலங்கை முழுவதும் கம்பனிக் கொடி பறக்க வேண்டும், இங்கேயே பெரும் குடியேற்றம் அமைக்க வேண்டும் என்ற கனவு அவனுக்கு. பத்தாவியாவில் தலைமை ஆளுநர் யொவான் மாட்சுயிக்கர். அவனும் முன்பு இலங்கையில் ஆளுநராக இருந்தவன்தான். ஆனால் கறுவா கிடைத்தால் போதும், மலைநாட்டு அரசனோடு வீண் வம்பு வேண்டாம், செலவு தாங்காது என்ற கட்சி. இந்த இருவருக்கும் இடையே நடந்த இழுபறியைக் கவனிக்காமல் 1664 பற்றிய ஒல்லாந்தப் பதிவுகளைப் படிப்பது வீண்.

கலகம் அடங்கியது. ஆனால் இராஜசிங்கனின் பிடி தளர்ந்திருந்தது. மலையில் இருந்தபடியே கொழும்புக்கு உதவி கேட்டு எழுதினான். வான் கூன்ஸ் காத்திருந்தது அதற்குத்தான். அரசனுக்கு உதவுகிறோம் என்ற பெயரில் 1665இல் ஒல்லாந்தப் படை உள்நாட்டுக்குள் ஏறியது. றுவன்வெல்லை, சப்ரகமுவ என்று அவன் நிலங்களில் காவலரண்கள் எழுந்தன. அதே ஆண்டு திருகோணமலை, 1668இல் மட்டக்களப்பு. சதிகாரர் ஒரு சில நாட்களுக்கு மேல் ஆளவில்லை. அவர்கள் திறந்துவிட்ட வாசல் வழியாகக் கம்பனி ஏறக்குறைய இரண்டு மடங்கு நிலத்தைப் பிடித்தது. அரசன் முடிந்துவிட்டான், நாடு நம் கையில் விழக் காத்திருக்கிறது என்று பத்தாவியாவை நம்பவைக்க வான் கூன்ஸுக்கு நில்லம்பை நல்ல சான்றாயிற்று. 1670இல் இராஜசிங்கன் திரும்ப அடிக்கத் தொடங்கியபோதுதான் அவன் முடிந்துவிடவில்லை என்பது பத்தாவியாவுக்கு உறைத்தது.

இதை எல்லாம் அகலமாக எழுதியவர் நம்மவர்தான்: யாழ்ப்பாணத்தில் பிறந்த பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம். 1658 முதல் 1687 வரையான ஒல்லாந்த ஆட்சியைப் பற்றி அவர் எழுதிய நூல் 1958இல் வெளிவந்தது. கம்பனியின் சொந்தக் கடிதங்களைக் கொண்டே கம்பனியின் நோக்கத்தை அவர் வெளிக்கொணர்ந்தார். பிற்காலத்தில் அவுஸ்திரேலியாவுக்குப் போய் அங்கேயே பணியாற்றினார். கொழும்புத் தமிழ் வாசகர்களிடம் அவர் பெயர் இவ்வளவு குறைவாகப் புழங்குவது எனக்கு ஒரு மனக்குறை.

அப்படியானால் ஒல்லாந்தரே சதியைத் தூண்டினார்களா? தூதன் டிராக் அந்த வேளையில் அங்கே இருந்தான், கலகத்தால் இலாபம் கொழும்புக்குப் போனது, போதாதா என்று கேட்கலாம். போதாது. இலாபமடைந்தவன் செய்திருப்பான் என்று ஊகிப்பது திண்ணைப் பேச்சுக்கு நன்றாக இருக்கும். ஆனால் கலகத்தில் மாட்டிக்கொண்ட டிராக்கின் கதியைப் பாருங்கள். அவனை இராஜசிங்கன் திரும்ப அனுப்பவேயில்லை. தூதுவர்களைத் தடுத்துவைப்பது அவன் வழக்கம். கண்டியிலேயே பல ஆண்டு கிடந்து டிராக் இறந்துபோனான். அவனுடைய உடலை அரசன் பதப்படுத்தச் செய்து, யானை மேல் ஏற்றி, சிப்பாய்களும் அதிகாரிகளும் புடைசூழ மரியாதையோடு கொழும்புக்கு அனுப்பினான். சதிக்கு உடந்தை என்று சந்தேகப்பட்ட ஆளுக்கு இராஜசிங்கன் யானை கொடுத்திருக்க மாட்டான். அந்தக் காலத்தில் அவனைவிடச் சந்தேகக்காரன் இந்தத் தீவில் இல்லை.

அம்பன்வெல ராளையின் கதை இன்னும் விசித்திரம். அகப்பட்ட கலகத் தலைவனை இராஜசிங்கன் தானே கொல்லாமல் கொழும்புக்கு அனுப்பினான். தன்னால் நினைத்தும் பார்க்க முடியாத புதுவகைச் சித்திரவதைகள் ஒல்லாந்தரிடம் இருக்கும், அவர்கள் அவற்றைச் செய்து முடிப்பார்கள் என்று நம்பி அனுப்பியதாக நொக்ஸ் சொல்கிறான். ஒல்லாந்தரை அரசன் எப்படி மதித்திருந்தான் என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று வேண்டாம். அவர்களோ அவனை மரியாதையாக வரவேற்றுக் கொழும்பில் குடிவைத்தார்கள். பின்னொரு நாள் பயன்படுவான் என்று வைத்திருக்கிறார்கள் என்பது நொக்ஸின் குறிப்பு. 1679இல் நொக்ஸ் தப்பி வந்தபோதும் அவன் கொழும்பில்தான் இருந்தான்.

இங்கே நான் ஏங்குவது ஒன்றுக்குத்தான். நூற்றாண்டின் மிகப் பெரிய கண்டிச் சதியின் தலைவன், பதினைந்து ஆண்டு, எழுத்தர் நிறைந்த நகரத்தில் உயிரோடு இருந்தான். நாளுக்கு ஒரு கட்டு எழுதும் கம்பனி. அவனை உட்காரவைத்து, யார் யார் சேர்ந்தீர்கள், வாசலில் ஏன் நின்றீர்கள் என்று கேட்டு அவன் சொல்லாகவே எழுதிய வாக்குமூலம் ஒன்று கிடைத்தால் நொக்ஸையும் வான் கூன்ஸையும் ஓரம்கட்டிவிடலாம். நாம் படிக்கும் வரலாற்றில் அவன் குரல் இல்லை. கம்பனி அவனை ஒரு சாட்சியாகப் பார்க்கவில்லை. கிடங்கில் வைத்த சரக்காகவே பார்த்தது.

நொக்ஸை மட்டும் கேட்டார்கள், தோண்டித் துருவி. அவன் தப்பிய கதை தனியே சொல்ல வேண்டியது: அநுராதபுரம் தாண்டி, மல்வத்து ஓயா ஓரமாக நடந்து, கயிலை வன்னியனின் தமிழ் நாட்டைப் பயத்தோடு கடந்து, 1679 ஒக்டோபரில் மன்னார் அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தக் காவலரிடம் போய் நின்றான். கொழும்பில் அப்போது ஆளுநர் வான் கூன்ஸின் மகன். பத்தாவியாவில் தலைமை ஆளுநராகத் தகப்பன் வான் கூன்ஸே அமர்ந்துவிட்டான். மகன் கொழும்பில் விசாரித்தான், பிறகு கூடவே கப்பலில் பத்தாவியாவுக்குக் கொண்டுபோனான், அங்கே தகப்பன் விசாரித்தான். அரசன் எப்படி இருக்கிறான், படை எவ்வளவு, எந்த வழியாகப் போகலாம், அரசன் செத்தால் யார் வருவார்? கடைசிக் கேள்விக்கு நொக்ஸின் பதில் தெளிவாக இருந்திருக்கும். நூலிலும் அதையே எழுதினான். அரசனுக்கு வாரிசு இல்லை. கலகக்காரர் ஒரு முறை அரசனாக்கிய மகனை, மறுமுறையும் அப்படி நடந்துவிடுமோ என்று பயந்து, இராஜசிங்கனே நஞ்சு கொடுத்துக் கொன்றுவிட்டான்.

கண்டி ஊர்களில் எல்லோரும் அதைத்தான் நம்பினார்கள். நொக்ஸ் இருந்தது ஊரில். அரண்மனைக்குள் என்ன நடக்கிறதென்று அவனுக்கும் வாய்வழிச் செய்திதான். மகனைக் கொன்ற தகப்பன் என்ற பழியோடுதான் இராஜசிங்கன் இலண்டன் வாசகர்களுக்கு அறிமுகமானான். ஒல்லாந்தம், ஜெர்மன், பிரெஞ்சு மொழிபெயர்ப்புகளிலும் அந்தப் பழி பரவியது.

1687இல் இராஜசிங்கன் இறந்தான். செத்துப்போனதாக நொக்ஸ் எழுதியிருந்த மகன், இரண்டாம் விமலதர்மசூரியன் என்ற பெயரில் அரியணை ஏறினான். சண்டை சச்சரவு எதுவும் இல்லாமல் ஏறி, இருபது ஆண்டு ஆண்டான். அரக்கனிலிருந்து பௌத்த பிக்குகளை வரவழைக்க ஒல்லாந்தரிடமே கப்பல் கேட்டு வாங்கியவன் அவன். மலைநாட்டின் அடுத்த அரசன் யார் என்று தந்தையும் மகனுமாக இரண்டு வான் கூன்ஸ்கள் தேடிக்கொண்டிருந்த காலமெல்லாம், அவன் அங்கேயே இருந்திருக்கிறான்.

(தொடரும். அடுத்த வாரம்: 1672, கொட்டியாரக் குடாவில் பிரெஞ்சுக் கப்பல்கள்.)